பொன் என்றால் தெய்வீகம் என்று எழுதி முடித்துவிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கொண்டுநடந்த வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரம், பிறகு எருசலேமில் சாலொமோன் ராஜா கட்டிய ஆலயம் இரண்டையும் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், படமும் அழகாக இருந்தது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, பொன் என்றால் தெய்வீகம், வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, மரம் என்றால் மனுஷத்தன்மை என்று நாலே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 வருடமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். இதே நாலு வரியை நானும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள்தான். சில வருடங்களுக்கு முன் விடுமுறை வேதாகமப் பள்ளியில் தெர்மகோலில் கூடாரம் செய்தோம். பொன் ஜிகினாத் தாள் கட்டுக் கட்டாக வாங்கி வந்து உள்சுவர் முழுக்க ஒட்டி, மேலே வேதத்தில் சொல்லியிருக்கிறபடி நாலு மூடலையும் போட்டு மூடியதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பொன் எல்லாம் உள்ள போயிருச்சே, அத யாரு பாப்பாங்க?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று ராத்திரி வேதத்தில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் முதல் 40 வரை உட்கார்ந்து படித்தேன். என் அப்பா தச்சர். ஒரு வேலைக்கு எத்தனை கன அடி மரம், எத்தனை ஆணி, யார் தருகிறார், எங்கே போகிறது என்று பென்சிலால் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உளியைத் தொடுவார். அப்படித்தான் அந்த அதிகாரங்களை நானும் படித்தேன். அப்போது புரிந்தது, அங்கே ஒரு பொருளுக்கு அர்த்தம் அகராதியிலிருந்து வரவில்லை. அது எங்கே வைக்கப்பட்டது, யார் கையிலிருந்து வந்தது, இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

பொன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 32இல் மோசேயின் அண்ணன் ஆரோன் ஜனங்களின் காதணிகளைக் கழற்றச் சொல்லி வாங்கி உருக்கிக் கன்றுக்குட்டி செய்கிறான். மூன்றே அதிகாரம் தள்ளி 35இல் அதே ஜனங்கள் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றிக் கூடாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எகிப்தைவிட்டுக் கிளம்பும்போது அங்கத்திய ஆட்களிடம் கேட்டு வாங்கிவந்த நகைகள்தான் அவர்களிடம் இருந்த பொன். ஒரே காது, ஒரே பொன். ஒன்று விக்கிரகமாயிற்று, இன்னொன்று பத்துக் கற்பனைக் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனமாயிற்று. பொன் என்றாலே தெய்வீகம் என்றால் அந்தக் கன்றுக்குட்டியை என்ன சொல்வது? கட்டம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

சரி, இடத்துக்கு வருகிறேன். கூடாரத்தின் மையத்தில் மகா பரிசுத்த ஸ்தலம், அதற்கு வெளியே பரிசுத்த ஸ்தலம், அதற்கும் வெளியே 100 முழ நீளம் 50 முழ அகலத்தில் பிராகாரம். (முழம் என்பது பூக்காரம்மா அளக்கிற அதே முழம்தான், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சுமார் 45 சென்டிமீட்டர்.) உடன்படிக்கைப் பெட்டி உள்ளும் புறமும் பசும்பொன், கிருபாசனம் முழுவதும் பொன், குத்துவிளக்கு ஒரு தாலந்து (சுமார் 34 கிலோ) பொன்னில் அடிப்பு வேலை. வெளியே பிராகாரத்துக்கு வந்தால் பலிபீடம் வெண்கலம், தொட்டி வெண்கலம், தூண்களின் பாதங்கள் வெண்கலம், கூடார முளைகளும் வெண்கலம். உள்ளே போகப் போக உலோகம் உயர்கிறது, மனிதர்களின் எண்ணிக்கை குறைகிறது. பிராகாரத்துக்குள் ஜனங்கள் வரலாம், பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆசாரியர்கள் மட்டும், கடைசி அறைக்குள் பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே ஒரு நாள்.

இந்த ஒழுங்கு கொக்கிகளில்கூட இருக்கிறது. உள்ளே பூவேலை செய்த பத்துத் திரைகளை இணைக்க 50 பொன் கொக்கிகள். அவற்றின்மேல் போடுகிற வெள்ளாட்டு மயிர்த் திரைகளை இணைக்க 50 கொக்கிகள், அவை வெண்கலம். இரண்டு கொக்கிக்கும் ஒரே வேலைதான், ஆனால் ஒன்று உள்பக்கத்துத் துணியில் இருக்கிறது, மற்றது வெளிப்பக்கத்துத் துணியில். எனக்கு மிகவும் பிடித்தது வாசல் தூண்கள். மகா பரிசுத்த ஸ்தலத்துத் திரை தொங்குகிற நாலு தூண்களும் பொன்தகடு மூடியவை, பாதம் வெள்ளி. பிராகாரத்தைப் பார்த்து நிற்கிற கூடார வாசலின் ஐந்து தூண்களும் பொன்தகடு மூடியவைதான், ஆனால் பாதம் வெண்கலம். அந்த ஐந்தும் எல்லையில் நிற்கின்றன, அதனால் உடம்பு உள்ளே சேர்ந்ததாகவும் கால் வெளியே சேர்ந்ததாகவும் இருக்கிறது. இதை எழுதியவர் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார் என்று அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பிள்ளையின் கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? வெள்ளாட்டு மயிர், அதன்மேல் சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத்தோல், அதற்கும் மேலே தகசு என்கிற ஒரு விலங்கின் தோல். பாளையத்தில் நிற்கிற சாதாரண மனிதன் கண்ணுக்கு அது ஒரு தோல் கூடாரம்தான். பொன் யாருக்கும் காட்டுவதற்காக அங்கே இல்லை. சாலொமோன் ஆலயத்திலும் கடைசி அறை 20 முழ நீளம், 20 அகலம், 20 உயரம், முழுக்கப் பொன்தகடு, ஆனால் அந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யும்போது சாலொமோன் சொல்கிற முதல் வார்த்தையே கர்த்தர் காரிருளில் வாசம்பண்ணுவேன் என்று சொன்னார் என்பதுதான். இருட்டில் இருக்கிற பொன். செல்வச் செழிப்பைப் பறைசாற்றும் ஆலயம் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது, பறைசாற்ற நினைக்கிறவன் பொன்னைக் கொண்டுபோய் இருட்டறையில் ஏன் ஒட்டுகிறான்?

வெள்ளியில் மட்டும் உங்கள் கட்டத்தோடு பாதி ஒத்துப்போகிறேன். 20 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஆணும் அரைச் சேக்கல் (சேக்கல் என்பது ஒரு எடை) வெள்ளி கொடுக்க வேண்டும், அதை மீட்கும் பொருள் என்றே 30ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் அதே இடத்தில் ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதைக் கட்டுரை விட்டுவிட்டது, கணக்கு அங்கேதான் இருக்கிறது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். ஆளுக்கு அரைச் சேக்கல் என்றால் 3,01,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல், ஆகவே 100 தாலந்தும் 1,775 சேக்கலும். அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக 96, திரையின் தூண்களுக்கு 4. மிச்சம் 1,775 சேக்கலில் தூண்களின் கொக்கிகளும் பூண்களும். யூதேயாவில் அகழ்ந்து எடுத்த எடைக்கற்களை வைத்துப் பார்த்தால் ஒரு சேக்கல் 11 கிராம் சொச்சம், அதனால் ஒரு பாதம் சுமார் 34 கிலோ. அந்த ஒரு பாதத்துக்குள் 6,000 பேருடைய அரைச் சேக்கல் உருகிக் கிடக்கிறது, எது பணக்காரனுடையது எது கூலிக்காரனுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. பொன்னும் வெண்கலமும் மனமுவந்து கொடுத்தது, அதில் கூடுதல் குறைவு இருந்திருக்கும். அந்தப் பொன் பலகைகள் எல்லாம் நிற்பது ஆளுக்கு ஒரே அளவு கொடுத்த வெள்ளியின்மேல். மீட்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் இதெல்லாம் போய்விடுகிறது, ஆசிரியரே.

வெண்கலத்துக்கு நியாயத்தீர்ப்பு என்று போட்டிருந்தீர்கள். பலிபீடத்தை நினைத்துப் போட்டிருப்பார்கள், எண்ணாகமம் 16இல் மோசேக்கு எதிராகக் கோராகோடு சேர்ந்து எழும்பிய 250 பேரின் தூபகலசங்களைத் தகடாக அடித்துப் பலிபீடத்தை மூடினார்கள் என்றும் இருக்கிறது, அந்த இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் கைகால் கழுவுகிற வெண்கலத் தொட்டி எதிலிருந்து வந்தது? கூடார வாசலில் கூடிய பெண்களின் முகம் பார்க்கும் கண்ணாடிகளிலிருந்து. அந்தக் காலத்துக் கண்ணாடி என்பது தேய்த்து மெருகேற்றிய வெண்கலம். இதைப் பற்றி 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த யூத உரையாசிரியர் ராஷி, தனக்கு முந்தைய மரபிலிருந்து எடுத்து ஒரு விளக்கம் தருகிறார். மோசே இந்தக் கண்ணாடிகளை வேண்டாம் என்று ஒதுக்கினாராம், அலங்காரத்துக்கும் ஆசைக்கும் உண்டான பொருள் என்று. கடவுளோ, மற்ற எல்லாவற்றையும்விட இவைதான் எனக்குப் பிரியம் என்றாராம். எகிப்தில் அடிமை வேலை செய்து நொந்துபோய்க் கிடந்த புருஷன்மாருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கண்ணாடியில் இரண்டு பேர் முகத்தையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்துப் பேசி அவர்களைத் தேற்றியவர்கள் இந்தப் பெண்கள், அதனால்தான் அந்த ஜனம் பெருகிற்று என்று. இந்தப் பகுதியைப் பிள்ளைகளின் அம்மாமார் கூட்டத்தில் சொன்னேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவே இல்லை. ஆசாரியன் தினமும் கை கழுவுகிற தொட்டி அந்தப் பெண்களின் கண்ணாடி. அதற்குப் பக்கத்தில் நியாயத்தீர்ப்பு என்று எழுத எனக்குக் கை வராது.

நூலைப் பற்றியும் ஒன்று. நம் தமிழ் வேதாகமத்தில் மெல்லிய பஞ்சுநூல் என்று இருப்பதால் நம்மில் பலர் பருத்தி என்றே நினைத்திருக்கிறோம், உங்கள் கட்டுரையும் பருத்தி என்றே சொல்கிறது. எபிரேயத்தில் அது லினன், ஆளிச் செடியின் நார். இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் ஆட்டுமயிரையும் லினனையும் கலந்து நெய்த துணியை உடுத்தக்கூடாது என்று உபாகமம் 22 ஜனங்களுக்குச் சொல்கிறது, ஆனால் பிரதான ஆசாரியரின் ஏபோத்து என்கிற மேலாடையில் அந்தக் கலப்புதான் இருக்கிறது, லினனோடு சாயம் ஏற்றிய கம்பளி நூல். வெளியே கூடாதது உள்ளே கட்டாயம். பருத்தி என்று படித்தால் இது கண்ணுக்கே படாது. ஒரு நூல் மட்டும் எதிர்த்திசையில் போகிறது: இளநீலம். உள்ளே திரையில் இருக்கிற அதே இளநீல நூல் ஒன்றை ஒவ்வொரு இஸ்ரவேலனும் தன் வஸ்திரத் தொங்கலில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எண்ணாகமம் 15 சொல்கிறது. அந்த நீலமும் இரத்தாம்பரம் என்கிற ஊதாச்சிவப்பும் மத்தியதரைக் கடல் சங்குப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், கொஞ்சம் சாயத்துக்கே குவியல் குவியலாகச் சங்கு வேண்டும். தெற்கு இஸ்ரேலில் திம்னா செப்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த, ஏறக்குறைய 3,000 வருடப் பழமையான துணித்துண்டுகளில் உண்மையான சங்குச் சாய இரத்தாம்பரம் இருப்பதை 2021இல் அறிவித்தார்கள். நீலம் கடலைப் போன்றது, கடல் வானத்தைப் போன்றது, வானம் மகிமையின் சிங்காசனத்தைப் போன்றது என்று யூத மரபு நூலான தல்மூத்தில் ரபி மெயிர் சொல்வதாக இருக்கிறது.

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் ஒரு பட்டியல் போடுகிறார்: லினன் பூமி, இரத்தாம்பரம் கடல், நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. பின்னால் எழும்பிய எருசலேமின் இரண்டாம் ஆலயத்தைக் கண்ணால் பார்த்த ஆசாரியக் குடும்பத்து மனிதர் போட்ட பட்டியலே உங்கள் கட்டத்தோடு சேரவில்லை என்றால், கட்டத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மரம் என்றால் மனுஷத்தன்மையாம். எந்த மரம்? கூடாரத்தில் சீத்திம் மரம், அது நம்ம ஊர் கருவேலத்தின் நெருங்கிய உறவு (சீமைக்கருவேலம் இல்லை, அது வேறு). வனாந்தரத்தில் அதுதான் கிடைக்கும், முள்ளும் கோணலுமாக வளரும், ஆனால் உறுதி. அப்பா வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் கருவேலம்தான் கேட்பார். ஆலயத்தில் கேதுரு, அது லீபனோன் மலையிலிருந்து வெட்டி, கடலில் தெப்பமாகக் கட்டி, யோப்பாவில் கரையேற்றிக் கொண்டுவந்தது. ஒன்று போகிற வழியில் கிடைத்த மரம், மற்றது தீரு ராஜாவிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய மரம். இரண்டையும் மரம் என்ற ஒரே வார்த்தையில் அடைக்க முடியாது. கேதுரு வேண்டும் என்று கடவுள் கேட்கவும் இல்லை. தாவீது நான் கேதுரு வீட்டில் இருக்கிறேன், பெட்டி திரைகளுக்குள் இருக்கிறதே என்று வருத்தப்பட்டபோது, எனக்குக் கேதுரு வீடு கட்டவில்லையே என்று நான் எப்போதாவது யாரிடமாவது கேட்டேனா என்றுதான் 2 சாமுவேல் 7இல் பதில் வருகிறது.

கொடுத்தவர் யார் என்ற கேள்வி சாலொமோனிடம்தான் கனமாக வந்து நிற்கிறது. கூடாரத்துக்கு ஜனங்கள் கொண்டுவந்தது தேவைக்கு மேல் போய், போதும் நிறுத்துங்கள் என்று மோசே பாளையமெங்கும் கூறவைத்தார். ஆலயத்துக்கோ 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து மாதத்துக்கு 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினார்கள், சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். ஏழு வருடத்தில் எழும்பிய கட்டடம் 60 முழ நீளம், 20 முழ அகலம், 30 முழ உயரம், அதாவது சுமார் 27 மீட்டருக்கு 9 மீட்டர். சாலொமோன் செத்ததும் ஜனங்கள் முதலில் கேட்டதே, உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லேசாக்கும் என்பதுதான். மகன் மாட்டேன் என்றான், ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. அந்த மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருடத்தில் எகிப்தின் சீஷாக் வந்து ஆலயத்துப் பொக்கிஷங்களையும் சாலொமோன் செய்த பொன் பரிசைகளையும் (கேடயங்களையும்) அள்ளிக்கொண்டு போனான், அவற்றுக்குப் பதில் ரெகொபெயாம் வெண்கலப் பரிசைகள் செய்து வைத்தான். பிறகு யூதா ராஜா எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொன்தகட்டை உரித்து அசீரியாவின் சனகெரிபுக்குக் கப்பம் கட்டினார். கடைசியில் கி.மு. 586இல் பாபிலோனியர் யாகீன், போவாஸ் என்ற 18 முழத் தூண்களையும் வெண்கலக் கடல் என்ற பெருந்தொட்டியையும் உடைத்து வெறும் வெண்கலமாக எடுத்துப் போனார்கள்.

கல்லைப் பற்றி உங்கள் கட்டத்தில் வரியே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். பத்துக் கற்பனைகள் கொடுத்த அதே அதிகாரத்தின் முடிவில், எனக்கு மண்ணினால் பலிபீடம் உண்டாக்கு, கல்லால் செய்தால் வெட்டின கல் வேண்டாம், அதன்மேல் உன் உளி பட்டால் அது அசுத்தம் என்று வருகிறது. உபாகமம் 27 இரும்பு படாத கல் என்று தெளிவாகவே சொல்கிறது. உளியை வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவளுக்கு இது முதலில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது: இரும்பு மனிதன் ஆயுசைக் குறைக்க உண்டானது, பலிபீடம் ஆயுசை நீட்ட உண்டானது, குறைக்கிறதை நீட்டுகிறதன்மேல் ஓங்குவது முறையல்ல. ஆலயம் கட்டுகிறபோதும் கல்லை வெட்டுமிடத்திலேயே செப்பனிட்டுக் கொண்டுவந்தார்கள், கட்டுகிற இடத்தில் சுத்தியலோ வாச்சியோ எந்த இருப்பாயுதமோ சத்தம் கேட்கவில்லை. கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் போராடிய மக்கபேயர் காலத்தில், கி.மு. 164இல், அசுத்தமாக்கப்பட்ட பழைய பலிபீடத்தை இடித்துவிட்டு வெட்டப்படாத முழுக் கற்களால் புதிதாகக் கட்டினார்கள். இடித்த கற்களைத் தூக்கி எறிய மனசு வராமல், ஒரு தீர்க்கதரிசி வந்து என்ன செய்வது என்று சொல்லும் வரைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார்கள்.

இது எல்லாம் நடந்தது எப்படி என்று யாராவது கேட்பார்கள். சாலொமோன் ஆலயத்தின் கல் ஒன்றுகூட இதுதான் என்று இதுவரை அடையாளம் காணப்படவில்லை. கூடாரம் எழுத்தில் இருக்கிற அளவிலேயே இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் தெற்கு இஸ்ரேலின் நெகேவ் பகுதியில் தெல் அராத் கோட்டைக்குள் 1960களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி தோண்டி எடுத்த யூதா நாட்டுக் கோயிலில், முற்றத்துப் பலிபீடம் மண்ணும் வெட்டாத கற்களுமாகக் கட்டியது, ஒரு பக்கம் ஏறக்குறைய 2.5 மீட்டர், அதாவது கூடாரப் பலிபீடத்துக்குச் சொன்ன ஐந்து முழத்தை ஒட்டி வருகிறது. அதே அகரோனி பெயெர்செபாவில் 1973இல் கண்டெடுத்த கொம்புள்ள பலிபீடமோ நன்றாகச் செதுக்கிய கல், பிரித்து ஒரு சுவருக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். அப்படியானால் சட்டத்தை எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கவில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உங்கள் படத்தில் பலகைகளின் பாதங்களும் பிராகாரத் தூண்களின் பாதங்களும் எல்லாமே பொன் நிறத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளே இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். திருத்தம் வெளியிட்டால் பலகைகளின் பாதங்களை வெள்ளியாகவும், கூடார வாசல் தூண்கள் ஐந்துக்கும் பிராகாரத்துக்கும் வெண்கலமாகவும் மாற்றுங்கள். பருத்தி என்று இருப்பதை லினன் என்று மாற்றுங்கள். கட்டத்தைத் திரும்பப் போடுவதாக இருந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே யார் கொடுத்தது என்று ஒரு பத்தி சேர்த்து, தொட்டிக்கு நேராக அந்தப் பெண்களை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்